கொசுறு கேக்கத் தெரியாத தம்பிக்கு

சந்தோஷத்துக்கும் அட்டெண்டன்ஸ் எடுக்கிற காலம் வந்துடுச்சு தம்பி. ராத்திரி பத்து மணியானா ஒன் ஃபோனு 'டிங்'குங்குது, நீ பதறி எழுந்து என்னமோ தட்டறே. ஆபீஸ்ல ஏதோ தீப்பிடிச்சுக்கிச்சு போலன்னு நான்கூட பாவப்பட்டேன். கேட்டா, "இன்னிக்கு என்னை சந்தோஷப்படுத்தின மூணு விஷயத்தை எழுதணும் தாத்தா, ஒருநாள் விட்டாலும் ஸ்ட்ரீக் போயிடும்"ங்கறே. போனா போவுது, ரேஷன் கார்டுலேர்ந்தா பேரை எடுத்துடப் போறாங்க?

எழுதினதையும் எட்டிப் பார்த்தேன். கீழ்வீட்டுக் கெழவனுக்கு வேற என்னா வேலை? திங்கக்கெழமை: காபி, குடும்பம், ஆரோக்கியம். செவ்வாக்கெழமை: குடும்பம், ஆரோக்கியம், காபி. பொதங்கெழமை ஆரோக்கியத்துக்கு ப்ரமோஷன் குடுத்து மேல ஏத்தியிருக்கே. ஒங்க ஆபீஸ்லயும் இப்படித்தான் குடுப்பாங்களா? அதுல குடும்பம்னு எழுதினே பாரு, அன்னிக்கு மத்தியானம் ஒங்கம்மா ஃபோன் மேல ஃபோன் போட்டு, நீ எடுக்கலைன்னு என் மருமகளைக் கூப்புட்டு "புள்ள சாப்ட்டானா"ன்னு கேட்டாங்க. பட்டியல்ல குடும்பம் பத்திரமா இருக்குது. லைன்லதான் காத்துக்கினு இருக்குது.

எழுதறதே தப்புன்னு சொல்லல. என் பேத்தி காலேஜ்ல மனசைப் பத்திப் படிக்கிறா, அவ சொன்னா. 2003ல அமெரிக்காவுல எம்மன்ஸ், மெக்கல்லோன்னு ரெண்டு பேரு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்களாம். நன்றிப் பட்டியல் எழுதினவங்க, தொந்தரவுப் பட்டியல் எழுதினவங்களைவிட கொஞ்சம் தெம்பா இருந்தாங்களாம். சரின்னு வச்சிக்குவோம். அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு லியுபொமிர்ஸ்கின்னு ஒரு அம்மாவும் அவங்க கூட்டாளிங்களும் சொன்னதை ஒன் ஃபோனு ஒனக்குச் சொல்லலை போலிருக்குது. வாரத்துக்கு ஒருதரம் எழுதினவங்களுக்குத்தான் பலன் தெரிஞ்சுதாம். மூணு தரம் எழுதினவங்களுக்குப் பெருசா ஒண்ணும் தெரியலையாம். நீ ஏழு தரம் எழுதறே. அந்தம்மா கணக்குப்படி வாரத்துல ஆறு நாளு ஒனக்கு லீவு. லீவைக் கழிக்க எங்க போறதுன்னு கேக்கறியா? எங்கயும் போவ வேணாம். வாசல் வரைக்கும் வா, போதும்.

நம்ம பெங்களூர் ஜீவனஹள்ளியில காலையில தள்ளுவண்டி வருதே, பார்த்திருக்கியா? பார்த்திருக்க மாட்டே. ஒனக்குத்தான் பத்து நிமிஷத்துல பையன் கொண்டாந்து கதவாண்ட வச்சுட்டு, ஒன் மூஞ்சைக்கூட பாக்காம ஓடறானே. அவனைச் சொல்லிக் குத்தமில்ல, அவன் கடிகாரம் அப்படி. ஆனா வண்டிக்காரம்மா கடிகாரம் வேற. தெருமுனையில "சொப்பூ"ன்னு கீரைக்கு கன்னடத்துல ஒரு ராகம் இழுப்பா. என் மருமகளைக் கண்டா தமிழ் பேசுவா. எதிர்வீட்டு பாய்ம்மாவுக்கு அவங்க பாஷை. கத்திரிக்காயைத் தராசுல போடுவா, முள்ளு நேரா நின்னுடும். நின்ன பிறகு ஒரு காயை எடுத்து இந்தப் பக்கம் போடுவா பாரு, தட்டு சாயும். அப்புறம் மருமக ஒண்ணும் பேசாம நிப்பா. வண்டிக்காரம்மாவும் பேசாம நிப்பா. கடைசியில "அய்யோ, இந்தாம்மா"ன்னு ஒரு கொத்து கறிவேப்பிலையும் நாலு பச்சை மொளகாவும் பையில விழும். அதுக்குப் பேருதான் கொசுறு. அதே கறிவேப்பிலையைக் காசு குடுத்து வாங்கிப் பாரு, தாளிச்சா வாசனை வரும். மருமக மூஞ்சியில அந்தச் சிரிப்பு வராது.

நீ தேடிக்கினு இருக்கிற சின்னச் சந்தோஷம் இருக்குதே, அத்தனையும் இந்தக் கொசுறுதான். தனியா ஆர்டர் போட முடியாது. 'கொசுறு மட்டும் குடும்மா'ன்னு கேட்டுப் பாரு, வண்டியை ஒன் கால்மேல ஏத்திட்டுப் போயிடுவா. வேற ஏதாவது ஒரு வேலையா போவணும், கொஞ்சம் நிக்கணும், அது தானா விழும். நீ நிக்கிறதே இல்லையேப்பா. நிக்கிறதுக்கும் ஒரு ஆப்பு இருக்குதுங்கறே. உக்காந்துக்கினு இருந்தா கையில 'டொக்'குனு தட்டி 'எழுந்து நில்'லுங்குது.

தண்ணி விஷயத்தை எடுத்துக்க. நம்ம தெருவுல காவிரி ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் நடுராத்திரிக்கு மேல. மொதல்ல குழாய்ல காத்துதான் வரும், உஸ்ஸுன்னு. அப்புறம் ரெண்டு செருமல். ஒரு சொம்பு அளவுக்குக் கலங்கலா துப்பும். அதுக்கப்புறம் சம்புல விழற சத்தம் கேக்கும் பாரு. மொதல்ல வெறும் தரையில அறையற மாதிரி, தண்ணி ஏற ஏற குரல் கனத்துக்கினே போவும். கண்ணை மூடிக்கினே எத்தனை அடி ரொம்பிச்சுன்னு நான் சொல்லிடுவேன். சந்தேகமா இருந்தா கோலை விட்டுப் பாத்துக்க. அந்தத் தண்ணி சும்மா வரல. தொரேகாடனஹள்ளியிலேர்ந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் வருது. பள்ளத்தைப் பாத்து ஓடறதுதான் தண்ணியோட குணம். இது ஏறக்குறைய 500 மீட்டர் மேட்டைப் பாத்து ஏறுது, பம்பு வச்சு தள்ளித் தள்ளி ஏத்தறாங்க. காவிரி இந்த ஊருக்கு ஏற ஆரம்பிச்சது 1974ல. 2024 கோடையில என்னா ஆச்சுன்னு ஒனக்கும் தெரியும். போர்வெல் வறண்டு, டேங்கர்காரன் கல்யாண மாப்பிள்ளையாட்டம் மொறைச்சுக்கினு போனான். குடிதண்ணியில காரு கழுவினா 5000 ரூவா அபராதம்னு குடிநீர் வாரியம் சொல்லிடுச்சு. அந்த மார்ச் மாசத்துல சம்புல தண்ணி விழற சத்தத்துக்கு இந்தத் தெருவே முழிச்சுக்கினு கெடந்தது.

அப்போ நீ என்னா பண்ணே? தூக்கம் வரலைன்னு காதுல செருகிக்கினு மழைச் சத்தம் கேட்டுக்கினு கெடந்தே. மாசத்துக்கு இவ்வளவுன்னு சந்தா வேற கட்டறியாம். கீழ நெசத் தண்ணி ஓசியில விழுது, மேல நீ காசு குடுத்து பொய் மழை கேக்கறே. இந்த ஊரு தண்ணி வாரியத்தாலகூட இப்படி ஒரு பில்லு போட முடியாது.

மரத்தைப் பத்தி நீட்டப் போறதில்ல, அதைத்தான் நீங்கல்லாம் நல்லா பாக்கறீங்களே. தை மாசி வந்தா ரோஸ் கலர்ல ஊரே பூத்துக் கெடக்கும், அது ஓய்ஞ்சா மஞ்சள், அப்புறம் ஊதா, சித்திரை வைகாசியில செவப்பு. இதுக்கு ஒரு ஜெர்மன்காரரைக் காரணம் சொல்வாங்க. கிரும்பீகல்னு பேரு. 1908ல லால்பாக்குக்கு வந்தவரு, 1956ல இந்த ஊர்லயே கண்ணை மூடினாரு. ஒரு மரம் பூத்து முடிச்சா அடுத்தது பூக்கட்டும்னு முறை வச்சு நட்டாராம். அப்புறம் நெகின்ஹால்னு வனத்துறை அதிகாரி ஒருத்தரு 1980கள்ல 15 லட்சம் மரத்தை நட வச்சாரு. அவங்க நட்டாங்க, நீங்க ஃபோட்டோ புடிக்கறீங்க. ஆட்டோவை நிறுத்தி, பஸ்ஸை நிறுத்தி, ஒரு பொண்ணு பூவை மேல தூக்கிப் போட, ஒருத்தன் கீழ மண்டி போட்டுக்கினு... பூ அவன் தலையிலதான் விழுது, அவன் ஃபோன்ல தேடறான். தெரு பெருக்கற பௌரகார்மிக அம்மா ஒருத்தி அதை வேடிக்கை பாத்துக்கினு என்கிட்ட சொன்னா: "பூ தேவலாம் தாத்தா, வாரினா லேசா இருக்குது. எல கொட்டற மாசம் வந்து பாருங்க, இடுப்பு போவுது." அவளைவிட அந்த மரத்தைக் கவனிச்சவங்க இந்த வார்டுல யாரு இருக்கா, சொல்லு?

ரயிலுக்கு வர்றேன். ஜீவனஹள்ளிக்காரனுக்கு நகை நட்டு இல்லாட்டியும் ரயில் உண்டு. பெங்களூர் ஈஸ்ட் ஸ்டேஷன் பக்கத்துல, ஜோலார்பேட்டைக்குப் போற லைன். 1864ல போட்டது. நான் நாட்றம்பள்ளிப் பக்கத்துலேர்ந்து கரணையும் மட்டக்கோலும் எடுத்துக்கினு மேஸ்திரி வேலைக்கு வந்ததும் இதே லைன்லதான். அதனால ஆரன் கேட்டா எனக்கு ஒரு பாத்தியதை. மத்தியானத்துக்கு மேல பக்கத்து வீட்டுப் பொடிசுங்களைக் கூட்டிக்கினு போய் நிப்பேன். பிருந்தாவன் வரும். 1964லேர்ந்து ஓடற வண்டி. மெஜஸ்டிக் ஸ்டேஷன்லேர்ந்து மூணு மணி வாக்குல கெளம்பி, இன்னும் முழு வேகம் புடிக்காம இந்தப் பக்கமா போவும். பசங்க கையாட்டும். சன்னல் கம்பிக்கு நடுவுல ஒரு கை வரும் பாரு, யாருதுன்னே தெரியாது, வளையல் போட்ட கை, மொளகா பஜ்ஜி புடிச்ச கை. பதிலுக்கு ஆட்டும். அவ்வளவுதான். பசங்க வீடு வரைக்கும் குதிச்சுக்கினே வரும். "தாத்தா, அந்தக் கை என்னைப் பாத்துத்தான் ஆட்டுச்சு"ன்னு சண்டை வேற.

2022 நவம்பர்ல மைசூர்லேர்ந்து சென்னைக்கு வந்தே பாரத் விட்டாங்க. அழகான வண்டி, வெள்ளைவெளேர்னு. பசங்க அதுக்கும் கையாட்டுச்சு. சன்னல் தெறக்காதே! கண்ணாடிக்குள்ள எல்லாம் தலை குனிஞ்சு கெடக்குது, மடியில லேப்டாப். போன மாசம் நீ ஊருக்குப் போனதும் அதுலதான். நாங்க வரிசையா நின்னு ஆட்டினோம். நீ அந்த வண்டியில எங்க இருந்தேன்னு ஆண்டவனுக்கே வெளிச்சம். ராத்திரி மறக்காம "பயணம்"னு எழுதியிருப்பே.

இதுல இன்னொரு சூட்சுமம் இருக்குது. கெடைக்காத வரைக்கும் எட்டி எட்டிப் பாப்போம், கெடைச்சா முதுகைக் காட்டுவோம். அல்சூர் ஏரி பக்கத்துல நம்ம வள்ளுவரு செலை இருக்குதே, அது 18 வருஷம் தெறக்காமலே மூடிக் கெடந்தது. அந்தக் காலத்துல அந்தப் பக்கம் போற தமிழாளு ஒவ்வொருத்தனும் அந்த மூட்டையை ஒரு பார்வை பாத்து ஒரு பெருமூச்சு விட்டுட்டுத்தான் போவான். 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி கருணாநிதி வந்து தெறந்து வச்சாரு, எடியூரப்பாவும் கூட நின்னாரு. அதுக்குப் பதிலா நாலு நாள் கழிச்சு அங்க சென்னை அயனாவரத்துல கன்னடக்காரங்க அவங்க கவி சர்வக்ஞர் செலையைத் தெறந்தாங்க.  இங்க வள்ளுவரைத் தெறந்த அன்னிக்கு கூட்டம் என்னா, பட்டாசு என்னா. இன்னிக்கு சிக்னல்ல நிக்கிறவன் ஒருத்தனாவது தலையைத் தூக்கி அவரைப் பாக்கறானான்னு பாரு. மூடியிருந்தப்ப எல்லாருக்கும் தெரிஞ்சாரு, தெறந்து வச்ச பிறகு மறைஞ்சுட்டாரு.

பேத்தி இதுக்கும் ஒரு ஆராய்ச்சி வச்சிருந்தா, அதைக் கேட்டு எனக்கே சிரிப்பு தாங்கல. 1978ல பிரிக்மன்னு ஒருத்தரும் கூட ரெண்டு பேரும், இல்லினாய்ல லாட்டரியில பெருந்தொகை அடிச்சவங்க 22 பேரைப் புடிச்சு விசாரிச்சாங்களாம். சினேகிதன்கிட்ட பேசறது, காலையில பலகாரம் சாப்புடறது, ஒரு ஜோக்கு கேட்டு சிரிக்கிறது, டிவி பாக்கறது, இதெல்லாம் எவ்வளவு சந்தோஷம் தருதுன்னு கேட்டாங்க. லாட்டரி அடிக்காத பக்கத்துத் தெருக்காரனைவிட அடிச்சவனுக்குக் கம்மியாத்தான் இருந்துதாம். பெரிய பணம் வந்து இட்லியோட ருசியைத் தூக்கிக்கினு போயிடுச்சு. 22 பேரை வச்சு ஒலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது, அது இந்த மேஸ்திரிக்கும் தெரியும். ஆனா தமிழ்நாட்டுல 2003ல லாட்டரியை ஒழிச்சாங்க, இங்க 2007ல ஒழிச்சாங்க. அதுவரைக்கும் சீட்டு வாங்கி சட்டைப் பையில வச்சுக்கினு திரிஞ்ச எங்க செட்டு ஆளுங்க "போச்சே"ன்னு அழுதாங்க. ரெண்டு சர்க்காரும் சேர்ந்து அவங்க இட்லியைக் காப்பாத்திக் குடுத்திருக்குதுன்னு பேத்தி சொன்ன பிறகுதான் எனக்கே புரிஞ்சது. ஒனக்கு அடுத்த ஏப்ரல்ல சம்பளம் ஏறுதாமே. இட்லியைக் கொஞ்சம் ஜாக்கிரதையா பாத்துக்க.

அதுக்காக, சின்னச் சந்தோஷத்தைப் பாருன்னு சொல்றவன் எல்லாரையும் நம்பிடாதே. என்னையும் சேத்துத்தான் சொல்றேன். கொசுறை அள்ளி அள்ளிக் குடுக்கிற வண்டியாண்ட மொதல்ல எடைக்கல்லை உத்துப் பாக்கணும். வாடகையை ஏத்தறவன் "காத்து எப்படி வருது பாருங்க"ம்பான். ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் ஒன்னை வேலை வாங்கறவங்க, வெள்ளிக்கெழமையானா ஒரு அம்மாவைக் கூட்டியாந்து "கண்ணை மூடுங்க, மூச்சை கவனிங்க, நன்றி சொல்லுங்க"ன்னு வகுப்பு எடுக்க வச்சாங்கன்னு நீதானே சொன்னே? மூச்சை ஓசியில குடுத்துட்டு நேரத்துல கை வைக்கறாங்க தம்பி. கூலியைக் கணக்கா கேட்டு வாங்கு. கொசுறைத் தனியா கேளு. கொசுறு வாங்கிக்கினு கூலியை விட்டவன் எங்க மேஸ்திரி கூட்டத்துல ஒருத்தன்கூட கெடையாது.

இந்த ஊருக்காரங்ககிட்ட எனக்கு ரொம்பப் புடிச்சது ஒண்ணு உண்டுன்னா அது பை டூ காபிதான். மெட்ராஸ்ல போய் கேட்டா மேலயும் கீழயும் பாப்பான். இங்க கல்லாவுல "பை டூ"ன்னு சொன்னா, பணக்காரன் கேட்டாலும் ஏழை கேட்டாலும் ஒரே மூஞ்சிதான். காபி போடறவன் ஒரு காபியை ரெண்டு டம்ளர்ல ஊத்துவான், நுரையைக்கூட பங்கு பிரிப்பான். 1983ல ஜெயநகர்ல ஒரு தர்ஷினி தெறந்ததுக்கப்புறம் நின்னுக்கினு சாப்புடற கடை ஊரெல்லாம் வந்துடுச்சு. மார்பு உசரத்துக்கு ஒரு வட்ட மேசை, எதிர்ல ஒரு ஆளு. முழுக் காபியைத் தனியா குடிக்கலாம், யாரு வேணாம்னா? ஆனா பை டூவுக்கு எதிர்ல ஒரு ஆளு நின்னே ஆவணும் பாரு, அங்கதான் சூட்சுமம். அரை டம்ளர் காபி நாலு மடக்குல தீந்துடும். பேச்சு தீராது. காலி டம்ளரை உருட்டிக்கினே நிப்போம், மேசை தொடைக்கிற பையன் வந்து நம்ம டம்ளரைச் சுத்தி சுத்தித் தொடைப்பான். ஒன்னைக் கூட்டிக்கினு போனப்ப, நீ முழுக் காபி வாங்கி, அதை ஃபோட்டோ புடிச்சு, ஆறினதும் குடிச்சே. என் பங்கு அரை காபி எங்கன்னு நானும் கேக்கல, பெரிய மனுசன் பாரு. நாளைக்கு பை டூ சொல்லு. காசு நீ குடு, பேச்சு நான் தர்றேன்.

மார்கழி வருது. மார்க்கெட்ல அவரைக்காய் குவிய ஆரம்பிச்சுடுச்சு. பனி விழுந்த காயில ஒரு பிசுக்கு இருக்கும், கையில ஒட்டினா சோப்பு போட்டாலும் ஒரு பொழுது வாசனை போவாது. கன்னடக்காரங்க அதை சொகடுன்னு சொல்லி மோந்து பாத்துத்தான் வாங்குவாங்க. உரிச்ச கொட்டையை ராத்திரி தண்ணியில போட்டு, காலையில ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு ஒரு அமுக்கு. தோலு விரல்ல நிக்கும், பருப்பு துள்ளும். சரியா அமுக்கத் தெரியாதவன் அமுக்கினா எதிர்ல இருக்கிறவன் கண்ணாடி மேல போய் அடிக்கும். ஒனக்கு அமுக்கத் தெரியாது, நானும் கண்ணாடி போட்டவன், அதனால நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். அந்தப் பிதுக்கம் பருப்புல குழம்பு வச்சு கேழ்வரகுக் களியைத் தொட்டு முழுங்கினா, அன்னிக்கு ராத்திரி பட்டியல்ல காபியும் ஆரோக்கியமும் எந்த மூலையில கெடக்குதுன்னே தெரியாது.

அதனால வர்ற ஞாயித்துக்கெழமை காலையில மூணு கிலோ காய் வாங்கிக்கினு கீழ வா. வண்டியாண்ட நின்னு வாங்கு, ஃபோன்ல தட்டாதே. எடையைப் பாரு, பாத்துட்டு "சொல்ப ஜாஸ்தி ஹாக்கம்மா"ன்னு சொல்லிட்டு பேசாம நில்லு, அவ போடுவா. பிசுக்குக் கையை ஒன் ஃபோனு அடையாளம் கண்டுக்காது, அது ஒரு சவுகரியம். பருப்புல பாதி எங்க வீட்டுக்கு. இவ்வளவு நேரம் பேசினதுக்குக் கூலி அது. மீதியை என் மருமககிட்ட குடு, குழம்பு வச்சுத் தருவா. அது ஒனக்குக் கொசுறு.